திருத்துதல் என்னும் கல்வி

மோட்டார் வண்டியை வீட்டுக் கொட்டிலில் வைத்துத் தானே திருத்துகிறவன் காசை மிச்சம் பிடிக்கிறான் என்பது பொதுவான அபிப்பிராயம். வேறு வேலையற்றவன் பொழுதைப் போக்குகிறான் என்பாரும் உளர். இவ்விரு கூற்றும் பிழை என்பது எமது துணிபு. காசு மிச்சமாவதில்லை. பொழுது போவது உண்மையே. எனினும் அது வீணே போவதில்லை. இங்கிலாந்தில் வாழும் யாம், எமது வீட்டுக் கொட்டிலில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக ஒரு சிறிய ஸ்போர்ட்ஸ் காரை யாமே பூட்டியும் பிரித்தும் திருத்தியும் வருகிறோம். கல்லூரியில் யாம் கற்காது விட்ட பாடமொன்றை அக்கொட்டில் எமக்குக் கற்பித்தது. அப்பாடத்தைப் பற்றி இம்மலர் வாயிலாகப் பழைய மாணவர்க்கும் இன்றைய மாணவர்க்கும் சில சொல்ல விழைகிறோம்.

எமது தகுதியின்மையை முதலிற் சொல்லிவிடுதல் நேர்மையாகும். 1966 இல் கல்லூரியை விட்டு வெளியேறியபொழுது நியூற்றனின் இயக்க விதிகள் மூன்றையும் யாம் பிழையின்றி ஒப்புவிப்போம். ஆயின் ஒரு திருகாணியை எப்பக்கம் திருகினாற் கழலும் என்பதை அறியோம். எந்தையாரிடம் ஒரு மொறிஸ் மைனர் இருந்தது. அது வழியில் நின்றுவிட்டால் சந்தியிலிருந்த கராச்சுக்கு ஆளனுப்புவோம். கராச் அண்ணை சைக்கிளில் வந்து இறங்கி, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வேலையிலே புகுவார். யாம் சட்டையில் எண்ணெய் படாத தூரத்தில் நின்று ரோச் லைற் பிடிப்போம். கிட்டப் போனால், ‘நீ படிக்கிற பிள்ளை, தள்ளி நில்’ என்று எந்தையார் தடுப்பார். அன்பினாலே சொன்ன சொல்தான் அது. ஆயினும் படிப்பு வேறு, கைவேலை வேறு என்ற எண்ணம் எம்மிடத்து வேரூன்றியதும் அச்சொல்லாலேதான். பின்னர்க் கணக்காளராகி, முப்பது ஆண்டு காலம் பேனையன்றி வேறொரு கருவியையும் யாம் தொட்டறியோம்.

இனி, வண்டியின் வரலாற்றைச் சிறிது கூறுவாம். கொலின் சப்மன் என்னும் ஆங்கில இளைஞர், இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியிலே பொறியியல் படித்தவர். 1948 இல் ஒரு பழைய ஒஸ்ரின் செவன் காரைப் பிரித்து, பின்னாளில் தமக்கு மனைவியாக வாய்த்த பெண்ணின் பெற்றோர் வீட்டுக் கொட்டிலில் வைத்துத் தம் முதல் வண்டியைச் செய்தார். 1952 இல் லோட்டஸ் என்னும் கம்பனி தோன்றியது. 1957 இல் ‘லோட்டஸ் செவன்’ வெளிவந்தது. கூரையும் கதவும் இல்லாத, இருவர் மட்டும் அமரக்கூடிய வண்டி அது. பூட்டி முடித்த காருக்கு அக்காலத்தில் இங்கிலாந்தில் கொள்வனவு வரி உண்டு. உறுப்புக்களாக விற்றால் அவ்வரி இல்லை. ஆகவே இவ்வண்டியை உறுப்புத் தொகுதியாக வாங்கிச் சென்று தத்தம் வீட்டிற் பூட்டிக்கொண்டோர் பலர். பூட்டும் முறையை எழுதிக் கொடுத்தால் வரி வந்துவிடும் என்பதற்காகப் பிரிக்கும் முறையை எழுதிக் கொடுத்து, அதனைக் கடைசியிலிருந்து வாசிக்கச் சொன்னார்கள் என்று ஒரு கதையும் வழங்குகிறது. 1973 இல் அவ்வரி ஒழிந்தது. அதே ஆண்டில் வண்டியின் உரிமை கேற்றர்ஹாம் என்னும் கம்பனிக்குக் கைமாறியது. அதே அமைப்பில் வண்டிகள் இன்றும் செய்யப்படுகின்றன.

எமது வண்டி அவ்வினத்தின் ஏழைத் தம்பி. 1998 இல் ஒரு சிறு தொழிலகத்தில் இரும்புச் சட்டத்தையும் அலுமினியத் தகடுகளையும் கண்ணாடியிழை மட்காட்டுகளையும் வாங்கினோம். எஞ்சின், கியர்ப் பெட்டி, பின்னச்சு ஆகியவற்றை 1970களில் ஓடிய ஒரு பழைய போர்ட் எஸ்கோர்ட் காரிலிருந்து எடுத்துக்கொண்டோம். ஈராண்டு மாலைப்பொழுதுகள் சென்றன. 2000 ஆம் ஆண்டில் அரசினரின் தனிவாகன அங்கீகாரப் பரிசோதனைக்கு வண்டியைக் கொண்டு சென்றோம். கூரிய விளிம்புகளும் மூடப்படாத போல்ட்டு முனைகளும் வழிப்போக்கரைக் காயப்படுத்தும் என்று காரணங் கூறி, முதன்முறை தவறவிட்டனர். வாழ்நாளில் யாம் தவறிய முதற் பரீட்சை அதுவே. குறைகளை நீக்கி மீண்டும் சென்று சித்தியடைந்தோம்.

இவ்வண்டியின் உயிர்நாடி அதன் பாரக் குறைவாகும். எமது பழைய மொறிஸ் மைனர் ஏறக்குறைய 750 கிலோ இருக்கும். இஃது ஏறத்தாழப் பத்து அந்தர், அதாவது 500 கிலோ. பாரம் குறைந்தால் சிறிய எஞ்சின் போதும். சிறிய பிறேக் போதும். ரயரும் நெடுநாள் உழைக்கும். பாரங் குறைப்பதெனின் வேண்டாதவற்றையெல்லாம் விலக்கவேண்டும். விலக்கியபின் எஞ்சுவன யாவும் கண்ணுக்குத் தெரிவனவும் கைக்கு எட்டுவனவுமாம். எஞ்சின் மூடியைத் தூக்கி அப்பால் வைத்துவிட்டால், பெற்றோல் எவ்வழி வருகிறது, நீர் எவ்வழி சுற்றுகிறது, மின்சாரம் எவ்வழி செல்கிறது என்பவற்றை ஒரு பத்து வயதுப் பிள்ளைக்கும் விரலாற் சுட்டிக் காட்டலாம்.

ஆனால் இந்நன்மைக்கு ஒரு விலை உண்டு. பாரமான காரிலே ஓருறுப்புத் தளர்ந்தாலும் மற்றொன்று தாங்கிக்கொள்ளும். இதிலே மேலதிகமாக ஒன்றுமில்லை. சட்டமோ ஓரங்குலச் சதுரக் குழாய். அக்குழாயின் சுவர்த் தடிப்பு 1.6 மில்லிமீற்றர். அதிர்வினால் நட்டுக்கள் தளரும். ஒட்டிய மூட்டுக்கள் வெடிக்கும். மழைநீர் நினையாத மூலைகளிலே தங்கும். ஆகவே ஆண்டுதோறும் குளிர்காலத்தில் வண்டியை முற்றாகச் சோதித்தல் இன்றியமையாதது. அவ்வேலையின் ஒழுங்கைச் சற்று விரித்துரைக்க அன்பர்கள் அனுமதிப்பார்களாக.

முதலாவது வேலை, வண்டியை உயர்த்துதல். ஜாக்கி தூக்குவதற்கு உரியது, தாங்குவதற்கு உரியதன்று. தூக்கியபின் நான்கு இரும்புத் தாங்கிகளின் மேல் வண்டியை இருத்தி, கையால் அசைத்துப் பார்த்தே அடியிற் புகவேண்டும். பாரங் குறைந்த வண்டிதானே என்று ஏமாறுதல் கூடாது. நசுக்குவதற்குப் பத்து அந்தர் தாராளமாகப் போதும். இவ்விதியை ஒரு நாளேனும் மீறியதில்லை என்பதில் எமக்குச் சிறிது பெருமை உண்டு.

இரண்டாவது, கழுவுதல். அழுக்கின் கீழே பழுது மறைந்திருக்கும். எஞ்சினைத் தாங்கும் இடங்களையும், முன்சில்லின் கைகள் சட்டத்தோடு சேரும் இடங்களையும், பின்னச்சைப் பற்றும் இடங்களையும் துடைத்து, விளக்கைச் சரித்துப் பிடித்துப் பார்க்கவேண்டும். பெயின்றின் மேலே மயிரிழை போன்ற கறட்கோடு ஒன்று தெரிந்தால் உள்ளே இரும்பு வெடித்துவிட்டது என்பது பொருள். ஒரு முறை அத்தகைய கோட்டைக் கண்டு, பெயின்றுதான் வெடித்தது என்று எம்மை யாமே சமாதானஞ் செய்தோம். சுரண்டிப் பார்த்தபொழுது நகம் அதற்குட் சென்றது.

மூன்றாவது, அலுமினியமும் இரும்பும் சேருமிடம். பனிக்காலத்தில் இங்கிலாந்து வீதிகளிலே உப்புத் தூவுவர். உப்புநீர் இவ்விரு உலோகங்களுக்கும் இடையிலே புகுந்தால் அவ்விடம் ஒரு சிறு மின்கலமாகிவிடும். அதில் அலுமினியம் அரிக்கப்பட்டு வெண்பொடியாக உதிரும். இரசாயன வகுப்பிலே மின்கலத்தைப் பற்றி எழுதி யாம் நல்ல புள்ளி பெற்றவர்தாம். ஆயினும் பாதங்களின் கீழிருந்த தகட்டை அதே மின்கலம் தின்றுகொண்டிருந்ததை அறிய எமக்கு நான்கு ஆண்டுகள் சென்றன. இப்பொழுது தகட்டுக்கும் குழாய்க்கும் இடையிலே ஒட்டுப்பசையும் மெழுகும் இட்டு நீரை விலக்கி வைக்கிறோம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். எமது அனுபவத்தில் ஏடு உதவவே செய்தது. அதனைத் தோட்டத்துக்குக் கொண்டுபோக எமக்குத்தான் தெரியவில்லை.

நான்காவது, பிறேக். பிறேக் எண்ணெய் என்று வழங்குகிறோமே, அஃது எண்ணெயன்று. பெரும்பாலும் கிளைக்கோல் இனத்துத் திரவம். காற்றிலுள்ள ஈரத்தை அது மெல்ல மெல்ல உறிஞ்சும். ‘டொட் 4’ என்னும் தரத்துத் திரவம் புதிதாயிருக்கையில் 230 பாகை செல்சியசுக்குக் குறைந்து கொதித்தலாகாது; ஈரம் ஏறியபின் 155 பாகை வரையே அத்தரம் உறுதி கூறுகிறது. மலைச்சரிவில் இறங்கும்பொழுது பிறேக் சூடேறித் திரவம் கொதித்தால் குழாயினுள் ஆவி உண்டாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். காலின் கீழே மிதி பஞ்சுபோல் அமிழும், வண்டி நில்லாது. ஆகவே ஈராண்டுக்கு ஒரு முறை பழையதை வெளியேற்றிப் புதியதை இடுகிறோம். தூரத்துச் சில்லிலிருந்து தொடங்கி அண்மைச் சில்லில் முடிக்கிறோம். இது பெயின்றிலே பட்டால் பெயின்றையும் தின்னும். ஆகையால் பக்கத்திலே ஒரு வாளி நீர் வைத்துக்கொள்ளல் வேண்டும்.

ஐந்தாவது, காபரேற்றர். எமது வண்டியில் இரண்டு உண்டு. இரண்டும் ஒரே அளவிற் காற்றை இழுத்தாலன்றி எஞ்சின் சீராக ஓடாது. இதற்குக் கருவிகள் விற்கிறார்கள். எனினும் ஓர் இறப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காபரேற்றரின் வாயருகிலும் மறுமுனையைக் காதிலும் வைத்து, இரண்டின் சீழ்க்கையொலியும் ஒத்து வரும்வரை திருகாணியைச் சிறிது சிறிதாகத் திருகினால் அதுவே போதும். வீணையிற் சுருதி கூட்டுவோரின் செவி இதற்கு வேண்டும். அச்செவி எமக்கு வாய்க்க ஐந்து ஆண்டுகள் சென்றன.

காசு மிச்சமா என்ற கேள்விக்குக் கணக்காளர் என்ற முறையில் விடை கூறுவோம். வாங்கிய கருவிகள், பிழையாகப் பூட்டிப் பாழாக்கிய உறுப்புக்கள், செலவழித்த மணித்தியாலங்கள் யாவற்றையும் பேரேட்டிற் பதிந்தால், கராச்சுக்குக் கொடுத்திருப்பதே மலிவு. இலாபத்தை வேறொரு பேரேட்டிலே தேடல் வேண்டும்.

அந்தப் பேரேட்டின் முதற்பக்கத்திலே ஒரு நட்டம் பதிவாகியிருக்கிறது. அதை மறைத்து இக்கட்டுரையை எழுதுதல் முறையன்று. 2003 ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் பின்சில்லுகளுக்குச் செல்லும் பிறேக் குழாயை மாற்றினோம். திரவம் இட்டுக் காற்றை வெளியேற்றினோம். மிதி கல்லைப்போல் நின்றது. அதன்பின்னரே, குழாய் சட்டத்திலே சற்று உராய்வதைக் கண்டு, அதனை விலக்கி வைக்கும்பொருட்டு மூட்டு நட்டைக் காற்சுற்று இளக்கினோம். அவ்வேளை வீட்டுக்கு விருந்தினர் வந்துவிட்டனர். நாளைக்கு இறுக்கலாம் என்று கைகழுவச் சென்றோம். மறுநாள் வேறு வேலை வந்தது. அதற்கு மறுநாள், இறுக்கியாயிற்று என்றே எமது மனம் நம்பிவிட்டது.

இளவேனில் வந்தது. அப்பொழுது பதினேழு வயதாயிருந்த எமது மகன், ஆளரவமற்ற கிராமப் பாதையொன்றில் வண்டியோட்டப் பழகிக்கொண்டிருந்தான். யாம் அருகில் இருந்தோம். ஒரு வளைவு வந்தது. ‘அப்பா, மிதி கீழே போகிறது’ என்றான். குரலில் அச்சமில்லை, வியப்பே இருந்தது. அவ்வியப்பு எம்மை இன்றும் உறக்கத்தில் எழுப்புவதுண்டு. அக்கணமே எமக்கு எல்லாம் விளங்கிவிட்டது: விருந்தினரும், கைகழுவியதும், இளக்கிய நட்டும். மிதி பாதிவரை அமிழ்ந்தபின் முன்பிறேக் பற்றியது. யாம் கைப்பிறேக்கையும் இழுத்தோம். வண்டி ஒரு வேலியை ஒட்டி நின்றது. இறங்கிப் பார்த்தால், பின்சில்லின் உட்புறமெல்லாம் ஈரம்.

அன்று எம்மைக் காத்தது எமது திறமையன்று. முன்பிறேக்குக்கும் பின்பிறேக்குக்கும் வேறுவேறு சுற்று வைக்கவேண்டும்; ஒன்று ஒழுகினாலும் மற்றது நிறுத்தவேண்டும் என்று விதித்த பொறியியலாளரே காத்தனர். யாரோ ஒருவன் எங்கோ ஒரு கொட்டிலில் ஒரு நட்டை மறப்பான் என்பதை அவர்கள் எம்மைக் காணாமலே அறிந்திருந்தார்கள்.

அயல்வீட்டில் ஒரு முதியவர் இருந்தார். வாழ்நாள் முழுவதும் லொறி திருத்தியவர். அவரிடம் நடந்ததைச் சொன்னோம். அவர் கடிந்துகொள்ளவில்லை. உள்ளே சென்று ஒரு சிறு போத்தல் மஞ்சட் பெயின்றைக் கொண்டுவந்து தந்தார். ஒரு நட்டை இறுதியாக இறுக்கியபின், நட்டுக்கும் அது நிற்கும் பரப்புக்கும் சேர்த்து ஒரு கோடு இழுக்கவேண்டும். கோடு இல்லையேல் வேலை முடியவில்லை. கோடு முறிந்திருந்தால் நட்டு அசைந்துவிட்டது. இஃது அவர் தொழிலிலே முதல் வாரத்திற் கற்கும் பாடமாம். பட்டமும் பதவியும் பெற்ற எமக்கு அது ஐம்பத்தைந்தாவது வயதிலே கிடைத்தது. அன்று தொட்டுக் கொட்டிற் சுவரில் ஒரு குறிப்பேடு தொங்குகிறது. இளக்கியது யாது, இறுக்கியது யாது என்று எழுதாமல் எவ்விருந்தினரையும் வரவேற்பதில்லை.

தமிழிலே விடைத்தாள் பார்ப்பதைத் திருத்துதல் என்கிறோம். பழுதான பொறியைச் செப்பஞ் செய்வதையும் திருத்துதல் என்கிறோம். பிழைசெய்தவன் நல்வழிப்படுவதைத் திருந்துதல் என்கிறோம். ஒரே வேரிலிருந்து பிறந்த இச்சொற்களின் உறவை யாம் வகுப்பிலே உணர்ந்ததில்லை. விடைத்தாளிலே பிழை விட்டால் ஆசிரியர் சிவப்புக் கோடு இழுப்பார். இரண்டு புள்ளி போகும். உலகம் வழக்கம்போல் ஓடும். கொட்டிலிலோ திருத்துபவனும் யாமே, திருத்தப்படுபவனும் யாமே. இறுகாத நட்டை இனிய தமிழாலோ நல்ல ஆங்கிலத்தாலோ இறுகச் செய்ய இயலாது. வீட்டிலே தன் வண்டியைத் திருத்துகிறவன் பெறுகின்ற பெரும்பேறு இதுவே என்பது எமது கருத்து. தன் சொல்லை நம்பாது தன் வேலையைச் சோதிக்கும் பழக்கம் அவனுக்கு உண்டாகிறது.

அப்பழக்கத்தின் மறுபாதி, தன் கை எங்கே நிற்கவேண்டும் என்று அறிதல். சட்டத்திலே வெடிப்புக் கண்டால் யாம் ஒட்டுவதில்லை. ஒட்டுத்தொழில் வல்லாரிடம் கொண்டு செல்கிறோம். முறுக்கு அளவு விதிக்கப்பட்ட இடத்திற் கையுணர்வை நம்புவதில்லை. அளவுகோல் பொருந்திய ஸ்பனரையே எடுக்கிறோம். நைலோன் வளையம் பதித்த நட்டை ஒருமுறை கழற்றினால் மீண்டும் பூட்டுவதில்லை. சில சதங்களே பெறுமதியான அதனை எறிந்துவிட்டுப் புதியது இடுகிறோம். ஆண்டுதோறும் அரசினரின் பரிசோதனைக்குச் செல்கையில், எம்மைவிட இளைய பரிசோதகர் குறை கூறினால் நன்றியுடன் ஏற்கிறோம். தானே திருத்துவேன் என்பது நல்ல துணிவு; யாரும் பார்க்கத் தேவையில்லை என்பது செருக்கு. வீதியிலே ஓடும் வண்டி எமது உடைமையாயினும் வீதி பிறருடையது.

இப்படியான வேலை வெள்ளையருக்கு உரிய விளையாட்டு, நமக்கென்ன உறவு என்று அன்பர் ஒருவர் எம்மைக் கேட்டார். உறவு நமது வீட்டு முற்றத்திலேயே நின்றது. மொறிஸ் மைனரை வகுத்தமைத்த அலெக் இசிகோனிஸ், 1930களிலே தம் நண்பரொருவருடன் சேர்ந்து, பாரங் குறைந்த பந்தய வண்டியொன்றைத் தம் வீட்டில் வைத்துக் கைக்கருவிகளாலேயே செய்தார். அவ்வாறு கை பழகியவரின் சிந்தனையிலிருந்தே 1948 இல் மொறிஸ் மைனர் பிறந்தது. அக்கார் நமது ஒழுங்கைகளிலே அரை நூற்றாண்டுக்கு மேல் ஓடியது என்றால், திருத்துவோன் கைக்கு எட்டும்படி அஃது அமைந்திருந்தமை அதற்கு ஒரு காரணமாகும்.

அக்கையின் பெருமையை நமது ஊர் பின்னர் நன்கு அறிந்தது. 1990களிலே, பொருளாதாரத் தடையினாற் குடாநாட்டிலே பெற்றோல் கிடையாதிருந்த ஆண்டுகளில், பழைய ஒஸ்ரின் கார்களும் மொறிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆகவே சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு எஞ்சினைக் கிளப்பி, அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். அக்கால எஞ்சின்களில் அமுக்கம் குறைவாயிருந்தமையால் அவை அதனைப் பொறுத்துக்கொண்டன. எரியாத மண்ணெண்ணெய் கீழிறங்கி எஞ்சின் எண்ணெயை நீர்க்கச் செய்யும் என்பதும், அதனை அடிக்கடி மாற்றவேண்டும் என்பதும் திருத்துநர் அறிந்திருந்தனர். நோயாளரும் கர்ப்பிணிகளும் அவ்வண்டிகளிலே வைத்தியசாலை சேர்ந்தனர். அவ்வித்தையைச் செய்தோர் சந்தியோரத்துக் கராச் அண்ணைமார். நமது பரிசளிப்பு விழா மேடைக்கு அவர்களுள் எவரையேனும் நாம் அழைத்ததுண்டா?

இக்காலத்துக் கார்கள் கணினியால் இயங்குவன, அவற்றைத் திறந்தும் பார்க்க இயலாது. ஆகவே இப்பேச்சுப் பழங்கதை என்று மாணவர் சொல்லக்கூடும். கூற்றிலே உண்மை உண்டு. எமது வண்டியைத் திருத்தத் தெரிந்தவன் இன்றைய மின்சாரக் காரைத் திருத்திவிட முடியாது. ஆயினும் பழுதை மூலங்கண்டு தேடும் முறை மாறவில்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மாற்றியதை எழுது, ஊகத்தைச் சோதி, சோதனை மறுத்தால் ஊகத்தை விடு. இம்முறை காபரேற்றருக்கும் கணினிக்கும் ஒன்றே. இதனை எளிதாகக் கற்பதற்கு, உள்ளுறுப்பெல்லாம் வெளியே தெரியும் பழைய பொறியைவிடச் சிறந்த பாடநூல் இல்லை.

இங்கிலாந்திலே ஓண்டில் என்னும் ஊரில் ஒரு பாடசாலை உண்டு. 1892 முதல் 1922 வரை அதன் அதிபராயிருந்த சான்டர்சன், இலக்கியமும் இலத்தீனும் கோலோச்சிய காலத்திலே பட்டறைகளை அமைத்து, மாணவரை உலோகத்திலே வேலை செய்ய வைத்தார். எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் அவரைப் போற்றி ஒரு நூலே எழுதினார். அதே பாடசாலையில் ஆசிரியராயிருந்த றொன் சம்பியன் என்பவர்தாம், 250 பவுண் செலவில் லோட்டஸ் செவன் போன்றதொரு காரை வீட்டிலே செய்வது எவ்வாறு என்று கற்பிக்கும் நூலை 1996 இல் வெளியிட்டார். அதனைக் கைக்கொண்டு வண்டி செய்தோர் பல நாடுகளிலே உளர். பட்டறையை ஏற்றுக்கொண்ட பாடசாலையிலிருந்து அந்நூல் பிறந்தது தற்செயலன்று என எண்ணுகிறோம்.

எமது கல்லூரிக்கும் இதனையே வேண்டுகிறோம். பெருங்கட்டடம் வேண்டியதில்லை. ஒரு கொட்டில், ஒரு வேலைமேசை, நல்ல ஸ்பனர்த் தொகுதி ஒன்று, இனி வீதிக்கு வாராத பழைய எஞ்சின் ஒன்று. இவற்றுக்கு யாமும் எம்மாலியன்றதைத் தருவோம். கற்பிப்பதற்கு, மண்ணெண்ணெயில் வண்டி ஓட்டுவித்தவர்களுள் இன்றும் நம்மிடையே உள்ளவரை அழைத்து ஆசிரியர் நாற்காலியிலே இருத்துங்கள். பூட்டும் ஒவ்வொரு நட்டிலும் மஞ்சட் கோடு இழுக்க முதல் வகுப்பிலேயே பழக்குங்கள்.

எமக்கு எழுபது கடந்துவிட்டது. வண்டியின் அடியிற் புகுவது எளிதாயிருக்கிறது. வெளியே வருவதுதான் வரவரக் கடினமாகிறது. சென்ற குளிர்காலத்திற் பின்பிறேக் குழாயை மகன் மாற்றினான். யாம் அருகே நின்று ரோச் லைற் பிடித்தோம். அவன் நட்டை இறுக்கி, கோட்டை இழுத்து, குறிப்பேட்டில் எழுதியபின்னரே கைகழுவச் சென்றான். கல்லூரிப் பிள்ளைகள் கையில் ரோச் லைற்றோடு நின்றுவிடாது, ஸ்பனரையும் பிடிக்கும் நாள் விரைவில் வருவதாக.